எந்தப் பூ முதலில்

புதுக் கதவு போட்ட பிறகு வந்த முதல் பில்.
"ஆறாயிரத்து நானூறு" என்றார்
மீட்டர் எடுக்க வந்தவர்,
என்னைப் பார்க்காமல்
தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

கழனிவாசலில் எங்கள் முன்னறைதான் என் கேக் கடை.
கடை என்றால் ஒரு மேசை,
ஒரு அவன் (அடுப்பைச் சொல்கிறேன்),
ஒன்றரை டன் ஏசி,
அப்புறம் இருபத்திரண்டு டிகிரியைத் தாண்டினால்
மனம் விட்டுவிடும் வெண்ணெய்ப் பூக்கள்.

கத்திரி தொடங்கி நாலாம் நாள்,
கண்டனூர்க்காரர் சொல்லியிருந்த மூன்றடுக்குக் கேக்கில்
கதவைப் பார்த்த பக்கம் மட்டும்
ரோஜாக்கள் தலை தொங்கின.
மறுபக்கத்துப் பூக்கள்
மாப்பிள்ளை வீட்டார் போல் விறைப்பாகவே இருந்தன.

யாகப்பனுக்குப் போன் போட்டேன்.
"கதவுன்னா கொஞ்சம் மூச்சு விடணும்மா.
மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும்."
விடட்டும்.
அது விடும் மூச்சுக்கு
யூனிட் கணக்கில் நான் ஏன் கட்ட வேண்டும்?

ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன்.
ஏசிக் காற்றில் புகை எல்லாப் பக்கமும் ஆடியது,
எதைக் கேட்டாலும் தலையாட்டும் சாட்சி.
பத்து ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்துச் சாத்தினேன்.
பூட்டுப் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.
கீல் பக்கம் இழுத்ததும் வந்துவிட்டது.
மேலே எனக்கு எட்டவில்லை.

பிறகுதான் தோன்றியது.
மிச்சக் கிரீமில் ஒன்பது பூப் பிழிந்து
அட்டையை மடித்துத் தட்டாக்கி,
ஸ்டூல் மேல் ஏறி இறங்கி,
நிலையைச் சுற்றி டேப் போட்டு ஒட்டினேன்.
எந்தப் பூ முதலில் சாயும்?

பதினேழாம் நிமிடம். கீல் பக்கத்து மேல் மூலை.
இதழ் பளபளத்தது. பிறகு ஒரு சொட்டு.
கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே இன்னொன்று.
மற்ற ஏழும் என்னைப் போலவே
வேடிக்கை பார்த்தன.

அடியில் வைத்தது அசையவே இல்லை.
அங்கே வெப்பம் உள்ளே வரவில்லை,
குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது.
அதைக் கண்டுபிடித்தது நானில்லை.
வெளியே எட்டிப் பார்த்தால்
கதவின் அடி இடுக்கில் வயிற்றை அழுத்தியபடி
தெரு நாய்.
ஊரெல்லாம் காரைக்குடியில் வெந்துகொண்டிருக்க
அது மட்டும் ஊட்டியில் படுத்திருந்தது.

யாகப்பன் வந்தார்.
சாய்ந்த பூவைப் பார்த்தார்.
சாட்சியத்தை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார்.
"ஏலக்காயா?"
"ஆமாம்."
கீலைக் கழற்றினார்.
பின்னால் நாலாய் மடித்த தீப்பெட்டி அட்டை.
"அன்னைக்குச் சிராய் கைவசம் இல்லம்மா."
அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.
சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் பிரஷ் பட்டை.
கூலி வேண்டாம் என்றவர்
ஒரு கப் கேக்கை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்தார்,
இந்த வெயிலில்.

ராத்திரி கடைசிச் சோதனை.
விளக்கை அணைத்துவிட்டு நான் உள்ளே.
சேவுகன் வெளியே,
போன் டார்ச்சைச் சட்டத்தோடு ஒட்டி நகர்த்திக்கொண்டு.
என் பக்கம் ஒரு நூல் வெளிச்சம் இல்லை.
கதவு எங்கே முடிந்து
சுவர் எங்கே தொடங்குகிறதென்று தெரியாத இருட்டு.

"தெரியுதா?" என்று அவர் கேட்டிருப்பார்.
எனக்குக் கேட்கவில்லை.
"ஒண்ணும் தெரியல!" என்று கத்தினேன்.
அவருக்கும் கேட்டிருக்காது.
இப்படியே கொஞ்ச நேரம்
அவர் கேட்டுக்கொண்டும் நான் சொல்லிக்கொண்டும்
ஒரு நல்ல கதவின் இரண்டு பக்கம் நின்றோம்.

போன் அடித்தது.
"திறடி. கொசு பிடுங்குது."

திறந்தேன்.
மூன்று மணி நேரம் சேர்த்து வைத்த குளிர்
அவர் முழங்காலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது.
எதிர் வீட்டு நடையில் கிடந்த நாய்
தலையைத் தூக்கியது.
"சீக்கிரம் சாத்து" என்றார்,
உள்ளே வராமல்,
படியிலேயே நின்று
கண்ணை மூடிக்கொண்டு.